ஆயில் மரம் எல்ம் தானா? நெடுங்கேணிக் குளக்கட்டில் இருந்து ஒரு கேள்வி

குளக்கட்டு (நெடுங்கேணி) – ஏப்ரல் 21

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் குளத்தின் வால்கட்டு முடிகிற இடத்தில் ஒரு ஆயில் மரம் நிற்கிறது. இரண்டு பேர் கைகோத்தாலும் அடியைச் சுற்றிப் பிடிக்க முடியாது. பட்டை சாம்பல் நிறம், அங்கங்கே செதில் செதிலாகக் கழன்றிருக்கும். தையில் இலை கொட்டத் தொடங்கும். மாசியில் வெறுங்கொப்பில் பூக்கும், ஆனால் அதைப் பூவென்று யாரும் கவனிப்பதில்லை, பச்சையும் பழுப்பும் கலந்த சின்னச் சின்னக் குஞ்சங்கள் அவ்வளவுதான். இப்போது கொப்பெல்லாம் தட்டையான வட்டக் காய். காற்றடித்தால் தண்ணீர் திறக்கிற துருசுவரை பறந்து வந்து தண்ணீரில் மிதக்கிறது.

புதுவருடத்துக்குக் கனடாவில் இருந்து மச்சான் வந்திருந்தார். கட்டில் நடந்தவர் ஒரு காயைப் பொறுக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது எங்கட தெருவில கொட்டுற எல்ம் விதை மாதிரியெல்லோ கிடக்கு" என்றார். அன்றில் இருந்து எனக்கு இதே யோசனை.

நான் கேட்பதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. குளம் திருத்துகிற வேலை ஆவணியில் தொடங்க இருக்கிறது. கட்டில் நிற்கிற மரங்களுக்கு இலக்கம் அடித்துக்கொண்டு போனார்கள். ஆயிலுக்கும் ஒரு இலக்கம் விழுந்துவிட்டது. பட்டியலில் அதற்கு நேரே "பெறுமதியற்ற மரம்" என்று எழுதியிருந்ததை நானே பார்த்தேன். மீளக்குடியேற வந்த அன்று எங்கள் வீடு எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. வளவும் வேலியும் வரம்பும் எல்லாம் பற்றையாகக் கிடந்தன. அப்பா தூரத்தில் இந்த மரத்தின் தலையைக் கண்டுதான் குளம் எங்கே என்று பிடித்தார், குளத்தை வைத்து வளவைப் பிடித்தார். அந்த மரத்துக்குப் பெறுமதி இல்லை என்று எழுதினால் எனக்குப் பொறுக்கவில்லை.

படங்கள் இணைத்திருக்கிறேன். இது எல்ம் தானா? எந்தக் குடும்பம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொழுந்து (மல்லாவி) – ஏப்ரல் 21

அண்ணா, காயின் படத்தைப் பார்த்தால் வேங்கை போல இருக்கிறது. வேங்கைக்கும் நடுவில் விதையும் சுற்றிவரச் சிறகும்தானே? நான் உயர்தரத்துக்கு உயிரியல் படிக்கிறேன், அதனால்தான் சொல்லிப் பார்க்கிறேன்.

ஓடாவி (முள்ளியவளை) – ஏப்ரல் 22

தம்பி, வேங்கை இல்லை. வேங்கைக் காய் நடுவில் தடித்து, கையில் பிடித்தால் கட்டையாக இருக்கும். படத்தில் இருப்பது கடதாசி போல. அதோடு வேங்கைக்கு ஒரு காம்பில் பல சிற்றிலை. இதற்குத் தனி இலை. பட்டையில் கத்தி போட்டால் வேங்கை சிவப்பாக வடியும், ஆயில் அப்படி வடியாது. இது ஆயில் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 40 வருடமாக மரத்தோடுதான் சீவியம்.

ஆனால் பட்டியல் எழுதியவர் ஏன் அப்படி எழுதினார் என்றும் எனக்கு விளங்குகிறது. எங்கள் காட்டில் மரத்தை மதிப்பது என்றால் பாலை, முதிரை, கருங்காலி, பிறகு யாவறணை, விண்ணாங்கு. ஆயில் பலகை வெளிறிய மஞ்சள், இழைக்க நல்லது, ஆனால் வெயிலிலும் மழையிலும் விட்டால் நிற்காது, பூச்சியும் பிடிக்கும். பெட்டி அடிக்கலாம், உள்வேலைக்குப் பாவிக்கலாம். நிலைக்கும் வளைக்கும் யாரும் ஆயில் கேட்டு வந்ததில்லை. அது மரத்தின் பிழை இல்லை.

பச்சையம் – ஏப்ரல் 22

குளக்கட்டு, நல்ல கேள்வி. நான் தாவரவியல் படிப்பிக்கிறேன். முதலில் மூன்று சோதனை செய்து பாருங்கள்.

இலையை நன்றாகக் கசக்கி மணந்து பாருங்கள். இலை விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள், வழுவழுப்பா, பல் இருக்கிறதா? அப்புறம் ஒரு காயை எடுத்து, காம்புக்கு எதிர்ப்பக்கத்தில் நுனியைப் பாருங்கள். அங்கே ஒரு வெட்டு இருக்கும். அந்த வெட்டின் இரண்டு பக்கமும் என்ன தெரிகிறது என்று எழுதுங்கள்.

குளக்கட்டு – ஏப்ரல் 23

ரீச்சர், விடியவே போய்ப் பார்த்தேன். இலை கெட்ட நாற்றம், கையைக் கழுவியும் போகவில்லை. விளிம்பில் பல் கிடையாது, வழுவழுப்பு. காயின் நுனியில் சின்ன வெட்டு, இரண்டு பக்கமும் இரண்டு கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது. காய் ஏறக்குறைய ஒரு பத்து ரூபாய்க் குற்றியின் அளவு.

பச்சையம் – ஏப்ரல் 23

அந்த இரண்டு கொம்பும் பூவின் சூல்முடிகள். பூ வாடிய பிறகும் அவை விழாமல் காயோடு சேர்ந்து நின்று, சிறகு வளரும்போது நுனியில் கொம்பாகத் தெரிகின்றன. எல்ம் மரங்களின் காயிலும் இதே அமைப்புத்தான். உங்கள் மச்சானின் கண் பிழைக்கவில்லை.

சரி, இப்போது விடை. உங்கள் மரம் ஹோலோப்டீலியா இன்டெக்ரிஃபோலியா. குடும்பம் உல்மேசியே, அதாவது எல்ம் குடும்பம். ஆனால் எல்ம் என்பது அந்தக் குடும்பத்துக்குள் உல்மஸ் என்ற ஒரு சாதி. ஆயில் அந்தச் சாதி அல்ல. ஒரே குடும்பத்தில் வேறு சாதி. அண்ணன் தம்பி பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேடிக்கை என்னவென்றால், தொடக்கத்தில் இதை எல்ம் என்றுதான் பெயரிட்டார்கள். வில்லியம் ரொக்ஸ்பரோ என்ற ஸ்கொட்லாந்துக்காரர் சோழமண்டலக் கரையில் தாவரங்களைச் சேகரித்தவர், பிறகு கல்கத்தா தாவரவியற் பூங்காவுக்குப் பொறுப்பாக இருந்தவர். அவர் 1790களில் இந்த மரத்தைப் படம் வரைவித்து வெளியிட்டபோது வைத்த பெயர் உல்மஸ் இன்டெக்ரிஃபோலியா. "முழு விளிம்பு இலை கொண்ட எல்ம்" என்று பொருள். அவருக்கே உறுத்தியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் எல்ம் இலைக்கு விளிம்பில் பல் உண்டு, பெரிய பல்லின் மேலே சின்னப் பல்லாக இரட்டை வரிசை. அது இல்லை என்பதையே அவர் பெயராக வைத்துவிட்டார்.

1848 இல் பிளான்சோன் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் இதைத் தனிச் சாதியாகப் பிரித்தார். ஹோலோஸ் என்றால் கிரேக்கத்தில் முழு. ப்டீலியா என்றால் எல்ம். ஆக, பிரித்த பிறகும் எல்ம் என்ற சொல் பெயருக்குள்ளேயே இருக்கிறது. இந்தச் சாதியில் உலகத்தில் இரண்டே இரண்டு இனம். ஒன்று எங்கள் ஆயில். மற்றது ஆபிரிக்காக் காடுகளில் வளர்கிறது.

மேப்பிள்நிழல் (ரொறன்ரோ) – ஏப்ரல் 24

நான்தான் அந்த மச்சான் என்று எழுத ஆசை, ஆனால் இல்லை. நான் துணுக்காய்ப் பக்கம், இங்கே வந்து 24 வருடம். ஆனால் அவர் சொன்னதைப் படித்ததும் கண் முன்னால் வந்தது. இங்கே மே மாதத்தில் நடைபாதையெல்லாம் எல்ம் விதை கொட்டிக் கிடக்கும். ரீச்சர் சொன்னதை வைத்து ஒப்பிட்டால் வித்தியாசம் தெரிகிறது. இங்கத்தைய அமெரிக்க எல்ம் விதை சின்னது, விரல்நகம் அளவுதான். ஓரத்தில் கண்ணிமை போல மெல்லிய மயிர். நுனி வெட்டு ஆழமாகப் போகும். இலையின் அடி இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்காது, ஒரு பக்கம் இறங்கி ஒரு பக்கம் ஏறி நிற்கும். எல்ம்மைப் பிடிக்க இங்கே எல்லோரும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

எங்கள் வீட்டுக்கு முன்னால் ஒரு பெரிய எல்ம் நின்றது. கிளைகள் மேலே போய் விரிந்து, குடை போலத் தெருவின் மறுபக்கம்வரை. ஒரு கோடையில் ஒரு கொப்பில் மட்டும் இலை மஞ்சளாகிச் சுருண்டது. அடுத்த கோடையில் மரம் முழுவதும் பட்டுப்போய், வெட்டிக்கொண்டு போனார்கள். ஒல்லாந்து எல்ம் நோய் என்றார்கள். குளக்கட்டு எழுதியதை வாசித்தபோது அந்த வெளிச்சம்தான் நினைவு வந்தது, மரம் போன அடுத்த நாள் காலை முன்னறையில் விழுந்த வெளிச்சம். எனக்கு அது பிடிக்கவில்லை.

கொழுந்து – ஏப்ரல் 24

ஒல்லாந்து எல்ம் நோய் என்றால் ஒல்லாந்து எல்ம் என்று ஒரு மரத்துக்கு வருவதா?

பச்சையம் – ஏப்ரல் 25

இல்லை பிள்ளை. நோய் ஒல்லாந்தில் பிறந்ததும் இல்லை. 1920களில் அதை ஆராய்ந்து காரணம் ஒரு பூஞ்சணம் என்று காட்டியவர்கள் ஒல்லாந்து ஆய்வாளர்கள், அதில் முன்னின்றவர்கள் பெண்கள். பேயா ஸ்வார்ட்ஸ், கிறிஸ்டீன் பொய்ஸ்மன் என்ற இருவரின் பெயரை நினைவில் வைத்துக்கொள். கண்டுபிடித்தவர்களின் நாட்டுப் பெயர் நோய்க்கு ஒட்டிக்கொண்டது, அது கொஞ்சம் அநியாயம்தான்.

பூஞ்சணம் மரத்தில் தண்ணீர் ஏற்றுகிற காழ்க்கலன்களில் பரவுகிறது. மரம் தன்னைக் காக்க அந்தக் குழாய்களை அடைக்கிறது, அப்படி அடைக்கப்போய் மேலே தண்ணீர் ஏறாமல் வாடுகிறது. பட்டைக்கு அடியில் முட்டையிடுகிற சிறு வண்டுகள் பூஞ்சணத்தின் வித்துகளை மரத்துக்கு மரம் காவுகின்றன. 1960களின் பிற்பகுதியில் வட அமெரிக்காவில் இருந்து போன மரக்குற்றிகளோடு இன்னும் கொடிய வகை ஒன்று பிரித்தானியாவில் இறங்கியது. அங்கே மட்டும் 2 கோடியே 50 இலட்சத்துக்கு மேல் எல்ம்கள் செத்தன. கனடாவில் நோய் முதலில் கண்டறியப்பட்டது 1944 இல், கியூபெக்கில்.

இங்கிலாந்தில் அழிவு அவ்வளவு வேகமாகப் போனதற்கு வகைப்பாட்டோடு தொடர்பான காரணம் ஒன்று இருக்கிறது. ஆங்கில எல்ம் என்று அவர்கள் சொல்லும் மரம் விதையால் பெருகுவதில்லை, வேர்க்கன்றால் பெருகுகிறது. 2004 இல் மரபணுவைப் பார்த்தபோது அவை எல்லாம் உரோமர் காலத்தில் கொண்டுவந்து நட்ட ஒரே மரத்தின் நகல்கள் என்று தெரியவந்தது. அதனால்தான் ஒன்றுக்கு வந்தது எல்லாவற்றுக்கும் வந்தது. ஒரு காலத்தில் அதைத் தனி இனம் என்று எழுதினார்கள், இப்போது ஐரோப்பிய எல்ம் இனம் ஒன்றின் ஒரு வகை என்றுதான் எழுதுகிறார்கள்.

ஓடாவி – ஏப்ரல் 25

எல்ம் பலகையைப் பற்றி நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். நார் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும், கோடரிக்கு இலேசில் பிளக்காது. அதனால் வண்டிச் சில்லின் குடத்துக்கு எடுப்பார்களாம். இலண்டனில் முந்தித் தண்ணீர்க் குழாயே எல்ம் குற்றியைக் குடைந்து போட்டார்கள், நனைந்தபடியே கிடந்தால் உக்காது. எங்கள் மருது மாதிரி. ஆற்றங்கரை மருது தண்ணீரில் எத்தனை காலம் கிடந்தாலும் அசையாது.

பொதிகைத்தென்றல் (திருநெல்வேலி) – ஏப்ரல் 26

தமிழ்நாட்டிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரில் இதே மரம் ஆயா. சில இடங்களில் வெள்ளாயா என்பார்கள். மலையாளத்தில் ஆவல். சின்ன வயதில் காய்ந்த காயை உரித்து உள்ளே இருக்கும் பருப்பைத் தின்றிருக்கிறோம், நிலக்கடலை போல இருக்கும். மாசி பங்குனியில் இதன் மகரந்தத்தால் தும்மலும் இளைப்பும் வருகிறவர்கள் உண்டு, எங்கள் மருத்துவர்கள் ஒவ்வாமைச் சோதனையில் இதையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

ஒரு சந்தேகம். ரீச்சர் "சாதி" என்று எழுதுவது நாங்கள் பேரினம் என்று படித்ததா?

பச்சையம் – ஏப்ரல் 26

ஆம், அதுவேதான். எங்கள் பாடப்புத்தகத்தில் வருணம், குடும்பம், சாதி, இனம் என்று இறங்கும். உங்களுக்கு வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம். ஆயா என்ற பெயரை எழுதியதற்கு நன்றி. ஆயில், ஆயா, ஆவல் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே வாயில் பிறந்த சொற்கள் போலத்தான் கேட்கின்றன. எங்கள் பக்கத்தில் சில முதியவர்கள் வெள்ளாயில் என்றும் சொல்வார்கள். சிங்களத்தில் கொட கிரில்ல; கொட என்றால் மேட்டுநிலம்.

கொழுந்து – ஏப்ரல் 27

ரீச்சர், நான் இணையத்தில் தேடிப் பார்த்தேன், தலை சுற்றுகிறது. ஒரு பழைய நூலில் ஆயில் உர்டிகேசியே குடும்பம் என்று இருக்கிறது. இன்னொன்றில் உல்மேசியே குடும்பம், உர்டிகேல்ஸ் வருணம். வேறொன்றில் உல்மேசியே, ஆனால் ரோசேல்ஸ் வருணம். எது சரி? ஏன் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்?

பச்சையம் – ஏப்ரல் 28

இந்தக் கேள்விக்காகவே இரவு இருந்து எழுதினேன், பொறுமையாக வாசி.

1753 இல் சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் எல்ம்மைப் போட்ட இடம் "ஐந்து மகரந்தக்கேசரம், இரண்டு சூல்தண்டு" என்ற பெட்டி. எண்ணி அடுக்குவதுதான் அவருடைய முறை. எண்ணுவதற்கு வசதி, ஆனால் உறவு தெரியாது. அந்தப் பெட்டிக்குள் எல்ம்மோடு ஒட்டும் இல்லாத உறவும் இல்லாத எத்தனையோ செடிகள் கிடந்தன.

1815 இல் மிர்பெல் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் எல்ம்களுக்கு உல்மேசியே என்று தனிக் குடும்பம் கொடுத்தார். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெந்தம், ஹூக்கர் என்ற ஆங்கிலத் தாவரவியலாளர்கள் இருவரும் அதை ஏற்கவில்லை. இதழ் இல்லாத சின்னப் பூ, ஒற்றை விதை என்று பார்த்து எல்ம், முசுக்கட்டை, ஆல், பலா எல்லாவற்றையும் உர்டிகேசியே என்ற ஒரே பெரிய குடும்பத்துக்குள் விட்டார்கள். பிரித்தானிய இந்தியாவின் தாவர நூலும் அந்த வழியில்தான் அடுக்கப்பட்டது. நீ பார்த்த பழைய நூல் அந்தப் பரம்பரை. உர்டிகா என்பது தொட்டால் சுணைக்கும் ஒரு செடி. எங்கள் பற்றையில் படர்கிற காஞ்சோன்றியை அதோடு குழப்பிக்கொள்ளாதே, அது ஆமணக்கின் குடும்பம்.

பிறகு இந்தப் பெரிய குடும்பத்தைப் பல குடும்பங்களாக உடைத்து, எல்லாவற்றுக்கும் மேலே உர்டிகேல்ஸ் என்று ஒரு வருணம் வைத்தார்கள். அதுதான் உன்னுடைய இரண்டாவது நூல்.

மூன்றாவது மாற்றம் மரபணுவைப் படித்த பிறகு வந்தது. 1998 இல் பூக்கும் தாவரங்களின் புதிய வகைப்பாடு வெளியானபோது உர்டிகேல்ஸ் முழுவதும் ரோசேல்ஸ் வருணத்துக்குள் போய்விட்டது. ரோசா, அப்பிள், எங்கள் இலந்தை, சூரை எல்லாம் அந்த வருணம்தான். ஆகவே உன் வளவில் நிற்கிற பலாவும், கோயிலடி ஆலும், பற்றைக்குள் முள்ளோடு நிற்கிற சூரையும், குளக்கட்டின் ஆயிலும், ரொறன்ரோ எல்ம்மும் ஒரே வருணம். பராய் மரத்தையும் சேர்த்துக்கொள். எல்ம் இலை சொரசொரப்பாக இருக்கும் என்பார்கள், பராய் இலையும் அப்படித்தான். பராய் முசுக்கட்டையின் குடும்பம்.

எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் குடும்பத்துக்குள்ளே நடந்தது. முந்தி உல்மேசியே குடும்பத்தில் இரண்டு கிளை வைத்திருந்தார்கள். ஒன்று எல்ம், ஆயில் போன்றவை. மற்றது செல்டிஸ், ட்ரேமா போன்ற மரங்கள். இவற்றுக்கு இலையடியில் இருந்தே மூன்று நரம்பு கிளம்பும், காய் சதைப்பற்றுள்ள சின்னப் பழம். எல்ம் பக்கத்துக்கு நடுநரம்பில் இருந்து பக்க நரம்புகள் நேராக ஓடும், பெரும்பாலும் காய் உலர்ந்தது. கலத்தில் உள்ள நிறமூர்த்தத்தை (குரோமோசோமை) எண்ணினால் எல்ம் பக்கம் அடிப்படை எண் 14, செல்டிஸ் பக்கம் பெரும்பாலும் 10. இலையில் இருக்கிற இரசாயனமும் வேறு. இவ்வளவு வித்தியாசத்தைப் பார்த்துச் சிலர் நூறு வருடமாகவே பிரியுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மரபணு அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2003 இல் வந்த திருத்தத்தில் செல்டிஸ் கூட்டம் கஞ்சாச் செடியின் குடும்பமான கன்னபேசியேக்குப் போனது.

இப்போது உல்மேசியே சின்னக் குடும்பம், ஏழு சாதிதான். உல்மஸ், செல்கோவா போன்றவை குளிர்நாட்டுப் பக்கம். ஹோலோப்டீலியாவும், அமெரிக்க வெப்ப நாடுகளில் வளர்கிற அம்பெலோசேராவும் பில்லோஸ்டைலனும் வெப்பவலயப் பக்கம். ஆக, ஆயிலுக்கு மிக நெருங்கிய உறவு ரொறன்ரோவில் இல்லை, பெருங்கடலுக்கு அப்பால் தென்னமெரிக்காவில்.

எது சரி என்று கேட்டாய். பரீட்சைக்கு உல்மேசியே, ரோசேல்ஸ் என்று எழுது. ஆனால் பழைய நூலைப் பிழை என்று தூக்கிப் போடாதே. பெந்தமும் ஹூக்கரும் கையில் இருந்த பூவையும் காயையும் வைத்துச் சொன்னார்கள், ஆலும் எல்ம்மும் உறவு என்று கண்டார்கள், அது இன்றைக்கும் நிற்கிறது.

கொழுந்து – ஏப்ரல் 28

இப்போது விளங்குகிறது ரீச்சர். இலங்கையில் உண்மையான எல்ம் இல்லையா?

பச்சையம் – ஏப்ரல் 29

இயற்கையாக இல்லை. இமயமலையில் உண்டு. வடகிழக்கு இந்தியாவில் இருந்து இந்தோனேசியா வரை ஓர் இனம் இறங்கிப் போகிறது, பூமத்திய ரேகையையும் தாண்டுகிறது. ஆனால் எங்கள் தீவுக்கு வரவில்லை. இங்கே காட்டில் சிறகுக்காயோடு எல்ம் குடும்பத்துக்கு நிற்பது ஆயில்தான்.

குளக்கட்டு – ஏப்ரல் 30

ரீச்சர் எழுதியதை அச்சடித்து வைத்திருக்கிறேன். இப்போது நான் நினைப்பதைச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். மரத்தடியில் ஒரு பலகை வைக்கப்போகிறேன். "இந்திய எல்ம்" என்று எழுதலாம் என்று நினைக்கிறேன். அப்படித்தான் சில இணையப் பக்கங்களில் இருக்கிறது. ஆயில் என்று எழுதினால் இலக்கம் அடித்தவர்கள் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். எல்ம் என்றால் வெளிநாட்டு மரம் என்று ஒரு மரியாதை வரும்.

மேப்பிள்நிழல் – மே 1

நானும் அதையே சொல்வேன். மரம் தப்பினால் போதும். இங்கே எல்ம் என்றால் நகரசபையே கணக்கு வைத்துப் பார்க்கிறது. "வன்னி எல்ம்" என்று எழுதினாலும் நல்லது.

பச்சையம் – மே 1

கோபம் இல்லை தம்பி, ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. ரொக்ஸ்பரோ அதை எல்ம் என்றார், 1848 இல் இல்லை என்று பிரித்தாகிவிட்டது. பிரித்த மரத்தை நாங்களே திரும்பக் கொண்டுபோய் அந்தப் பெயருக்குள் விடுவதா? ஒருவர் வந்து பார்த்துவிட்டு "இது எல்ம் இல்லையே" என்று சொன்னால், பலகையில் இருக்கிற மற்ற எல்லாவற்றையும் சேர்த்துப் பொய் என்பார். எங்கள் ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். புளியங்குளம், மருதோடை, ஒதியமலை, நொச்சிமோட்டை. மரத்தின் பெயரை வைத்துத்தான் எங்கள் ஆட்கள் நிலத்தை அடையாளம் பிடித்தார்கள். உங்கள் அப்பா அன்றைக்குத் தூரத்தில் கண்டது எல்ம் அல்ல, ஆயில்.

ஓடாவி – மே 2

ரீச்சர் சொல்வது சரி. ஒரு விசயம் மட்டும் சேர்க்கிறேன். தம்பி, அந்த மரம் கட்டின் மேலேயா நிற்கிறது, கட்டு முடிந்த பிறகா? கட்டின் மேலே நின்றால் எங்களால் ஒன்றும் சொல்ல முடியாது. பெரிய மரம் பட்டுப்போனால் வேர் உக்கி, அந்த ஓட்டையால் தண்ணீர் கசிந்து கட்டு உடைக்கும். அதற்காக வெட்டினால் அது நியாயமான வெட்டு. கட்டுக்கு வெளியே நின்றால் வெட்டுவதற்குக் காரணமே இல்லை. மரத்தின் பெயரைப் பற்றிக் கதைப்பதைவிட ஒரு கயிறு எடுத்து அளந்து பாருங்கள்.

குளக்கட்டு – மே 3

ஓடாவி அண்ணை, நான் யோசிக்கவே இல்லை. இன்று அளந்தேன். கட்டின் அடியில் இருந்து மரத்தின் அடிவரை 11 மீற்றர். மரம் நிற்பது மேட்டுநிலத்தில். அடுத்த கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் இதைச் சொல்லப் போகிறேன். பலகையில் ஆயில் என்றே எழுதுகிறேன் ரீச்சர்.

குளக்கட்டு – மே 22

ஒரு குழப்பம். காயெல்லாம் விழுந்த கையோடு 40 விதை பொறுக்கிப் பையில் மண் போட்டு ஊன்றினேன். எட்டாம் நாளே முளைக்கத் தொடங்கிவிட்டது. இப்போது உண்மை இலை வருகிறது. ஆனால் படத்தைப் பாருங்கள், இலை விளிம்பில் பல் இருக்கிறது! பெரிய மரத்தின் இலையில் பல்லே கிடையாது. நான் வேறு ஏதாவது விதையைப் போட்டுவிட்டேனா? அல்லது இது உண்மையிலேயே எல்ம் தானா?

கொழுந்து – மே 22

அண்ணா, இரட்டைப் பல்லா ஒற்றைப் பல்லா?

பச்சையம் – மே 22

கொழுந்து, அதுதான் கேட்க வேண்டிய கேள்வி. குளக்கட்டு, பயப்பட வேண்டாம், விதை சரியான விதைதான். ஆயிலின் இளங்கன்றில் இலைக்குப் பல் உண்டு. மரம் வளர வளரப் பல் மறைந்து முழு விளிம்பாகிவிடும். வெட்டிய அடியில் இருந்து துளிர்க்கிற இலையிலும் சிலவேளை காணலாம். ரொக்ஸ்பரோ "முழு விளிம்பு இலை" என்று பெயர் வைத்தது வளர்ந்த மரத்தைப் பார்த்து.

பெரிய மரத்தின் இலையையும் கன்றின் இலையையும் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்துப் போடுங்கள். நான் வகுப்பில் காட்ட வேண்டும். 20 வருடம் படிப்பித்தும் இரண்டையும் ஒன்றாக வைத்து நான் பார்த்ததில்லை.

மேப்பிள்நிழல் – மே 23

இங்கேயும் இந்தக் கிழமைதான் எல்ம் விதை விழுகிறது. சீனர்கள் இதைக் காசு என்று சொல்லி, மாவோடு பிசைந்து அவித்துச் சாப்பிடுவார்கள் என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னார். வசந்தத்தில் பிஞ்சாகப் பறிக்க வேண்டுமாம். எங்கள் வீட்டுப் பக்கம் முளைத்த ஒரு சைபீரிய எல்ம் கன்றைப் பிடுங்கிப் போடவிருந்தேன். விட்டுவிட்டேன்.

குளக்கட்டு – ஜூன் 9

நேற்றுக் கூட்டம். கயிற்றுக் கணக்கைச் சொன்னேன், இரண்டு பேர் அங்கேயே எழும்பிப் போய்த் திரும்ப அளந்து வந்தார்கள், அதே 11 மீற்றர். பட்டியலில் இருந்து ஆயிலை எடுத்துவிடுவதற்கு ஒத்துக்கொண்டார்கள். கட்டின் மேலே நின்ற இரண்டு வேம்பும் ஒரு புளியும் போகும், அதை நிறுத்த நான் கேட்கவில்லை. இன்று காலை தாரைக் கொண்டு அடித்திருந்த இலக்கத்தின் மேலே சுண்ணாம்பு பூசியிருக்கிறது.

பலகையில் எழுதியது: "ஆயில். எல்ம் குடும்பம். தையில் இலை உதிர்க்கும், மாசியில் பூக்கும், சித்திரையில் விதை பறக்கும்." அப்பா இன்னொரு வரி சேர்க்கச் சொன்னார், இடம் போதவில்லை.

40 இல் 31 கன்று நிற்கிறது. ரீச்சருக்கு நான்கு, ஓடாவி அண்ணைக்கு இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன். கொழுந்து, மல்லாவியில் இருந்து யாராவது இந்தப் பக்கம் வந்தால் சொல்லுங்கள், ஈரச்சாக்கில் சுற்றிக் கொடுத்து விடுகிறேன். மழை தொடங்க முதல் நட வேண்டாம், ஐப்பசி வரை பையிலேயே இருக்கட்டும்.